சத்தம் போடாத அன்ரி

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபிப்பார். அந்தக் கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். இறங்கி இறங்கி, நாங்கள் குனிந்து காதைக் கொடுத்தால்தான் ஏச்சு விழுகிறது என்பதே தெரியவரும். நான் இரண்டு தடவை அப்படிக் குனிந்திருக்கிறேன். மூன்றாவது தடவைக்கு ஆசை இல்லை. பிள்ளைகள் அவரை அன்ரி என்றார்கள். பெற்றோர் நாங்கள் நேரில் அக்கா என்போம், எங்களுக்குள் கதைக்கும்போது அன்ரி என்போம். இங்கேயும் அன்ரி என்றே இருக்கட்டும்.

சுன்னாகத்துக்கும் அளவெட்டிக்கும் இடையில், வெங்காயத் தோட்டங்களை ஒட்டிய ஒரு வீட்டில், அவரும் அவருடைய தங்கையுமாகப் பதினொரு பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே பெரிய பெயர்ப்பலகை எதுவும் இல்லை. படலையைத் திறந்து உள்ளே போனால் பதினொரு சோடிச் சின்னச் செருப்பு வரிசையாக இருக்கும். வீடு அமைதியாக இருக்கும். முதல் நாள் அந்த அமைதியைக் கண்டு, பிள்ளைகளை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

நான் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வடகரையில், படகு வைத்திருக்கும் வீடுகளில். எங்கள் ஆண்கள் காற்றுக்கும் எஞ்சினுக்கும் மேலால் கதைத்துப் பழகியவர்கள். ஒரு படகில் இருந்து அடுத்த படகுக்கு, கரையில் இருந்து கடலுக்கு, எல்லாமே தொண்டைதான். கரைக்கு வந்த பிறகும் அந்தத் தொண்டையை யாரும் கழற்றி வைப்பதில்லை. எங்கள் வீட்டில் உப்புக் கேட்பதே சண்டை மாதிரி இருக்கும். முதல்முறை வருகிற விருந்தாளிகள் நடுவில் புகுந்து சமாதானம் செய்யப் பார்ப்பார்கள். பெண்கள் நாங்களும் சளைத்தவர்கள் இல்லை.

என் மகன் கபிலனை அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர் மாமி, கணவரின் அம்மா. மச்சாளின் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதம் என்று சொல்லிக் கனடாவுக்குப் பறந்தார். அங்கே பிறந்தது இரட்டை. அதற்குப் பிறகு அந்த ஆறு மாதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கணவரும் மாமாவும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கோ சுன்னாகத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. விட மனமில்லை, ஏன் விடவேண்டும் என்றும் இருந்தது. கபிலனுக்கு அப்போது இரண்டரை வயது. அம்மா, தா, இந்த இரண்டு சொல்தான் அவன் வாயில். எங்கடை குடும்பத்திலை ஆம்பிளையள் பிந்தித்தான் கதைப்பினம் என்று மாமா சொல்லியிருந்தார். பிந்திக் கதைக்கத் தொடங்கி இப்படி ஊரைக் கூட்டுகிறவர்களைப் பார்த்தபடியால் நானும் நம்பினேன்.

பிள்ளை விட இடம் தேடி மூன்று வீட்டுப் படி ஏறினேன். பிரதான வீதியில் மாடிக் கட்டடம் ஒன்று. சுவர் முழுக்க யானையும் முயலும், அறைக்கு அறை கமரா. "நீங்கள் வேலை செய்துகொண்டே போனிலை பிள்ளையைப் பாக்கலாம் மிஸ்" என்று சொன்னார்கள். நான் அரைவாசி மயங்கிவிட்டேன். அடுத்த இடத்தில் நல்ல மனுசி, சிரித்த முகம், ஆனால் பின்வளவுக் கிணற்றின் கட்டு என் முழங்காலளவுதான் இருந்தது. மேலே குறுக்காக ஒரு பலகை. தேத்தண்ணி குடிக்காமலே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவது அன்ரியின் வீடு. போனதும் கிணற்றைத்தான் பார்த்தேன். நெஞ்சளவு கட்டு, மேலே கம்பி வலை மூடி, அதற்குப் பூட்டு.

நான் கேள்வியெல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றையும் கேட்க முடியவில்லை, அவர்தான் கேட்டார். பிள்ளை எதற்குப் பயப்படும், நித்திரைக்கு முன் என்ன செய்யும், அழுதால் நீங்கள் தூக்குவீர்களா, பேசாமல் பக்கத்தில் இருப்பீர்களா, எந்தக் கையால் சாப்பிடும். ஒவ்வொன்றும் காதில் விழ நான் கதிரையில் முன்னுக்கு நகர்ந்து, கடைசியில் கதிரை நுனியில் இருந்தேன். மற்ற இரண்டு இடத்திலும் என்னைப் பற்றிக் கேட்டார்கள். என் கணவரின் வேலை கேட்டார்கள். கபிலனைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. இன்றைக்கு யாராவது பிள்ளையை எங்கே விடலாம் என்று என்னிடம் கேட்டால், உங்கள் பிள்ளையைப் பற்றி அதிகம் கேட்கிற இடத்தில் விடுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

ஆனாலும் அந்தக் குரல் எனக்கு உறுத்தியது. "அக்கா, குறை நினைக்காதேங்கோ. இந்தக் குரலோடை பதினொரு பிள்ளையளை எப்பிடி அடக்குவியள்?" என்று கேட்டேவிட்டேன்.

"அடக்கிறேல்லைத் தங்கச்சி" என்றார். "அப்பா தவில் வாசிச்சவர். எங்கடை வீட்டிலை கேக்கவேண்டிய சத்தமெல்லாம் நான் சின்னனிலையே கேட்டு முடிச்சிட்டன்."

அவர் யாரையும் தூரத்தில் இருந்து கூப்பிடமாட்டார், நடந்து போவார். மாமரத்தடியில் ஒருவன் மண் தின்றால் மாமரத்தடிக்கு, பின் விறாந்தையில் ஒருத்தி மற்றவளின் பொம்மையைப் பறித்தால் பின் விறாந்தைக்கு. போய், குந்தி இருந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துச் சொல்லுவார். ஒரு நாளில் அவர் நடக்கும் தூரத்தை நேராக நடந்தால் கீரிமலைக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பலாம். அவர் கதை சொன்னால் பிள்ளைகள் அரையடி அரையடியாக நகர்ந்து வந்து மடியில் ஏறிவிடுவார்கள். ஏறாவிட்டால் கதை கேட்காது.

பக்கத்துக் கோயிலில் திருவிழா நடந்த நாட்களில் ஒன்றை நான் கண்ணால் கண்டேன். ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை அவருடைய வீட்டைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். மத்தியானம், பிள்ளைகள் படுக்கும் நேரம். நான் அரைநாள் லீவு எடுத்து வந்திருந்தேன். அன்ரி சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கோயிலடிக்குப் போனார், நானும் கூடப் போனேன். ஒலிபெருக்கிக்காரர் மேசைக்குப் பக்கத்தில் இருந்தார். அன்ரி ஏதோ சொன்னார்.

"என்னம்மா? கேக்கேல்லை!"

அன்ரி அதே குரலில் திரும்பச் சொன்னார். அவர் காதில் கையை வைத்துப் பார்த்தார், எழும்பிப் பார்த்தார். கடைசியில் பொறுக்காமல் பாட்டை நிற்பாட்டினார். அன்ரி கதைக்கத் தொடங்கினார். குழாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவர் என்ன படிக்கிறார், இந்த வயரெல்லாம் மழையில் நனைந்தால் என்ன செய்வீர்கள். அந்த மனிதருக்கும் அப்படி ஒருவர் தன்னிடம் கேட்டு எத்தனை நாளோ, சந்தோசமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கதை முடிந்தால்தானே பாட்டுப் போடலாம்? அன்ரி ஒன்றரை மணித்தியாலம் கதையை முடிக்கவேயில்லை. பிள்ளைகள் நித்திரை கொண்டு எழும்பிய பிறகு, "சரி தம்பி, வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாள் குழாய் வயல் பக்கம் திரும்பியிருந்தது.

நான் முதல்முறை குனிந்தது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மணித்தியாலம் பிந்திப் போன நாளில். "அவர் படலையைப் பாத்துக்கொண்டே இருந்தவர்" என்றார் அன்ரி. இரண்டரை வயதுப் பிள்ளையைத்தான் அவர் என்று சொன்னார். "அம்மா வருவா வருவா எண்டு நான் சொல்லிச் சொல்லிப் பாத்தன். நாளைக்கு நான் சொன்னால் அவர் நம்புவாரோ?" அதற்குப் பிறகு நான் பிந்தியதில்லை.

இரண்டாவது முறை நான் உடனே குனியவில்லை. முதலில் கத்தினேன்.

கபிலன் அங்கே போய் மூன்று வாரம் இருக்கும். பின்னேரம் அவனைக் கூட்டிவரப் போனபோது அன்ரி என்னைப் படலைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, கபிலன்ரை காதை ஒருக்காக் காட்டுங்கோ. முகத்தைப் பாத்துச் சொன்னால் விளங்குது. முதுகுக்குப் பின்னாலை நிண்டு சொன்னால் விளங்கேல்லை. நான் பத்து நாளாய்ப் பாத்திட்டுத்தான் சொல்லுறன்."

எனக்கு ஏறிய கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. என் பிள்ளையைச் செவிடு என்கிறார் என்றுதான் காதில் விழுந்தது. "உங்கடை குரலுக்கு ஆர் திரும்புவினம்?" என்று கத்தினேன். "எங்கடை வீட்டிலை ஒருக்காக் கூப்பிட்டால் காணும், ஓடி வருவான். உங்களுக்குக் கூப்பிடத் தெரியாட்டில் என்ரை பிள்ளையிலை பிழை சொல்லுறியளோ?" தோட்டத்தில் நின்றவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அன்ரியின் வாய் அசைந்தது. நான் குனிய வேண்டி வந்தது. "என்னோடை கோபியுங்கோ, பறவாயில்லை. காதைக் காட்டுங்கோ."

அடுத்த நாளே கபிலனை யானையும் முயலும் உள்ள மாடிக் கட்டடத்தில் சேர்த்தேன். வீட்டில் எல்லாரும் என் பக்கம்தான். "உவ ஆர் எங்கடை பிள்ளைக்குக் காது பாக்க?" என்று மாமா போட்ட சத்தம் கடலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். புது இடத்தில் கபிலனைத் தலையில் தூக்கி வைத்தார்கள். நல்ல பிள்ளை மிஸ், கரைச்சலே இல்லை, சத்தமே இல்லை என்று தினமும் சொன்னார்கள். எனக்கு மனம் குளிர்ந்துபோய்விட்டது. அன்ரியின் படலையைக் கடந்து போகிற நாட்களில் ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போனேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மழைநாளில் அலுவலகத்துக்கு ஆட்கள் வரவில்லை. சும்மா இருந்த நேரத்தில் கைபேசியில் கமராவைத் திறந்தேன். அதில் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. பிள்ளைகள் பாயில் இருந்து ஏதோ படம் கீறிக்கொண்டிருந்தார்கள். கபிலன் சுவர்ப்பக்கம் பார்த்தபடி கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று எல்லாப் பிள்ளைகளும் எழும்பி ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. படத்தை இழுத்துப் பெரிதாக்கித் தேடினேன். கதவடியில் ஒரு பெண் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார், சாப்பிட வரச்சொல்கிறார் போல.

கபிலன் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தற்செயலாகத் திரும்பினான். பாய் வெறுமையாக இருந்தது. எழும்பி நின்று ஒருமுறை சுற்றினான். எல்லாரும் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று தேடினான். நான் சற்று முன் தேடிய அதே தேடல்தான். அந்த அறையில் நடந்ததை நானும் அவனும் ஒரே மாதிரித்தான் பார்த்திருக்கிறோம், சத்தமில்லாமல். எனக்கு என் கைபேசியில் ஒலி இல்லை. அவனுக்கு என்றைக்குமே இப்படித்தானா? தலைக்கவசத்தின் வாரைக்கூடப் பூட்டாமல் மழைக்குள் ஸ்கூட்டியை எடுத்தேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே அன்ரியிடம்தான் போனேன். போகும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கச் சொல் தேடினேன். நாங்கள் போய்ச் சேர மழை விட்டிருந்தது, பிள்ளைகள் முற்றத்தில் நின்றார்கள். நனைந்துபோய் நின்ற என்னைப் பார்த்து அன்ரி கேட்டது, "சாப்பிட்டவரோ?"

"இல்லை அக்கா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

கபிலனுக்குச் சோறு குழைத்துக் கொடுத்து, அவன் முற்றத்துக்கு ஓடியதும், "வீட்டிலை எப்பிடிக் கூப்பிடுவியள்? ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டுங்கோ" என்றார்.

நான் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, "கபிலாஆஆ!" என்றேன்.

கபிலன் திரும்பினான். பதினொரு பிள்ளைகளும் திரும்பினார்கள். முருங்கையில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. பக்கத்துத் தோட்டத்தில் நின்றவர் மண்வெட்டியோடு வேலிக்கு ஓடிவந்து, "என்ன பிள்ளை, பாம்போ?" என்று கேட்டார்.

அன்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்லை. "உதுக்கு ஆர் தங்கச்சி திரும்பாமல் விடுவினம்?" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் அவனை மெல்லக் கூப்பிட்டதேயில்லை. பிறகு மெல்லிய குரல் அவனுக்குக் கேட்கிறதா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் எல்லாரும் சேர்ந்து எங்கள் சத்தத்தாலேயே அவனுடைய குறையை மூடி வைத்திருந்தோம். சத்தம் போடத் தெரியாத ஒரு வீட்டில் விட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. அதைக் கண்டு சொன்னவரை நான் நடுறோட்டில் வைத்து ஏசியிருக்கிறேன்.

வைத்தியர் பார்த்துவிட்டு, இரண்டு காதுச் சவ்வுக்கும் பின்னால் பசை மாதிரி நீர் தேங்கியிருக்கிறது, பெரிய சத்தம் கேட்கும், சின்னச் சத்தம் கேட்காது, அதனால்தான் பேச்சும் பிந்துகிறது என்றார். சின்னச் சத்திரசிகிச்சை செய்து ஒரு சிறு குழாய் வைத்தால் சரிவரும் என்றும் சொன்னார். "இது லேசிலை பிடிபடாது. ஆர் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். "பிள்ளையைப் பாக்கிற அக்கா" என்றேன். ஆஸ்பத்திரி விறாந்தையில் அன்ரி கபிலனுடைய மாற்று உடுப்புப் பையோடு இருந்தார். தங்கையிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, நான் கேட்காமலே வந்திருந்தார்.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கபிலன் குழாயடியில் போய் நின்றான். வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் வாளியைப் பார்த்தான். அந்தச் சொட்டுச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. அந்த நேரம் மாமா கடலால் வந்து, "எங்கை என்ரை ராசா!" என்று வழக்கம்போலக் கூப்பிட்டார். கபிலன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதான். மாமா ஆடிப்போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் மெல்லக் கதைக்கும் சட்டம். மாமா இரகசியம் கதைத்தால் அடுத்த வளவு நாய் குரைக்கும், இருந்தாலும் மனுசன் முயற்சி செய்தார். கணவர் உப்புக் கேட்க என் தோளைத் தட்டினார்.

ஒரு மாதம் கழித்துக் கபிலனைத் திரும்ப அன்ரியிடம் கூட்டிப் போனேன். காலை ஒன்பது மணி. நான் வேலைக்குப் போகாமல் குசினி வாசலோரமாய் நின்றேன். கால் போகவில்லை என்பதுதான் உண்மை. இத்தனை நாளும் வீட்டில் நாங்கள் எவ்வளவுதான் குரலைக் குறைத்தாலும் அது எங்கள் குரல்தான். அன்ரியின் குரல் அவனுக்குக் கேட்குமா என்பது எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அவருக்கும் தெரியவேண்டியிருந்திருக்கும்.

கபிலன் மாமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மண் கிண்டிக்கொண்டிருந்தான். அன்ரி அவித்த பயறு ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். வழமையாக நடந்து போவார். அன்றைக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் முழு முற்றமும் கிடந்தது.

"கபிலன், வாங்கோ சாப்பிடுவம்."

பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. கபிலன் திரும்பவில்லை. கை மண்ணைக் கிண்டிக்கொண்டே இருந்தது. அன்ரியின் முகத்தைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தேன்.

"கபிலன்" என்றார் இன்னொரு முறை. குரலை ஒரு மயிரிழைகூட உயர்த்தவில்லை.

கபிலன் தலையைக்கூட நிமிர்த்தாமல், திரும்பியும் பார்க்காமல், மண்ணைக் கிண்டிக்கொண்டே சொன்னான்:

"மாட்டன்!"

அன்ரி தட்டோடு அப்படியே வாசற்படியில் குந்திவிட்டார். கண்ணில் இருந்து தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. "மாட்டாராம், தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். பிறகு குசினிக்குள் நின்ற தங்கையிடம் திரும்பி, "கேட்டியே, மாட்டாராம்" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, அந்தத் தட்டில் இருந்த பயற்றை அள்ளி அள்ளித் தின்றேன். அவரும் தின்றார். கபிலன் கடைசிவரை சாப்பிட வரவில்லை.

அலுவலகத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் போனேன். ஏன் பிந்தினீர்கள் என்று முகாமையாளர் கேட்டார். பிள்ளை சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்றேன். அதைச் சொல்லும்போது நான் ஏன் அப்படிச் சிரிக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.